ஊர்ப் பெருமை: ஒரு சந்தேகம்

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் ஒன்று மலர் வெளியிட்டது. விளம்பரங்களுக்கு நடுவே படிக்கவும் ஏதாவது இருக்கட்டும் என்று, ‘மயிலையில் வாழ்ந்த பெரியோர்’ என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் எழுதுகிறவன் என்பது தெருவில் எப்படியோ தெரிந்திருக்கிறது. என்ன எழுதுகிறேன் என்பதும் தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். சம்மதித்து, ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக வேறெதையும் நான் எழுதியதில்லை. அந்தச் சுலபம் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

மயிலாப்பூரைப் பொறுத்தவரை பெயர்கள் தாமாகவே வந்து விழும். திருவள்ளுவர் இங்கே பிறந்தார் என்பது ஐதீகம். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அவருக்கே ஒரு கோயில் இருக்கிறது. பேயாழ்வார் இங்கே ஒரு கிணற்றில், செவ்வல்லிப் பூவில் அவதரித்தார் என்கிறார்கள். அந்தத் தெருவுக்கு இன்று அருண்டேல் தெரு என்று பெயர். நாயன்மார்களில் வாயிலார் இந்த ஊர்க்காரர். சம்பந்தர் சாம்பலிலிருந்து எழுப்பிய பூம்பாவை இந்த ஊர்ச் செட்டியார் வீட்டுப் பெண். இதற்கப்புறம் என் கட்டுரை ஆயிரம் வருஷத்தை ஒரே தாண்டாகத் தாண்டி, லஸ் வக்கீல்களிடம் போய் நின்றது. பாஷ்யம் அய்யங்கார், ஸர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த எஸ். சுப்பிரமணிய அய்யர், வி. கிருஷ்ணசாமி அய்யர், பி.எஸ். சிவசாமி அய்யர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். பிறகு சங்கீதம்: மார்கழியில் மாடவீதிகளைப் பாடிக்கொண்டே சுற்றி வந்த பாபநாசம் சிவன், ஆலிவர் ரோட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட முசிரி சுப்பிரமணிய அய்யர். நடுவில் அந்த ஆயிரம் வருஷமும் மயிலாப்பூரில் யாருமே குடியிருக்கவில்லை போலிருந்தது. கடற்கரைக் குப்பங்களில் அன்றும் இன்றும் இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது இது என் கண்ணில் படவில்லை.

என் விசால மனப்பான்மையைக் காட்ட ராபர்ட் டி நொபிலியையும் சேர்த்திருந்தேன். 1577இல் இத்தாலியில் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, தத்துவ போதகர் என்று பெயர் வாங்கியவர். கடைசி வருஷங்களில் பார்வை மங்கி மயிலாப்பூரில் ஒரு குடிசையில் இருந்தார். 1656இல் இங்கேயே இறந்தார். தமிழ் உரைநடையின் ஆரம்பத்தில் நிற்கிற ஒருவர். ஆனால் அவர் வாழ்வு முழுக்க மதுரையைச் சுற்றியது. இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது முதுமையும் மரணமும். நாங்கள் அவரை எங்களவர் என்கிறோம்.

பேயாழ்வார் விஷயம் இதற்கு நேர் எதிர். இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது பிறப்பை மட்டும். அவரைப் பேயாழ்வார் ஆக்கிய அந்த மழை இரவு நிகழ்ந்தது திருக்கோவலூரில், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்கிற ஓர் இடைகழியில். அந்த இடைகழி இல்லாவிட்டால் எங்கள் கிணற்றுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்?

எவ்வளவு நாள் இருந்தால் ஒருவர் ஒரு ஊர்க்காரர் ஆகிறார்? இங்கிலாந்தில் எந்தக் கிராமத்தைப் பற்றிய குறிப்பை எடுத்தாலும் கடைசியில் ‘இங்கு வாழ்ந்த பிரமுகர்கள்’ என்று ஒரு பத்தி இருக்கும். ஒரு கடற்படைத் தளபதி, ஒரு பாதிரியார், கோடை விடுமுறைக்கு வந்து போன ஒரு நாவலாசிரியர். கென்ட் பிரதேசத்தில் ஆஷ்ஃபோர்டு என்று ஒரு ஊர். கிராமம் என்று சொல்லமுடியாது, சிறு நகரம். அங்கே ஒரு சாலைக்கு சிமோன் வெய்ல் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளரான அவர் 1943 ஆகஸ்ட் 17ஆம் தேதி அந்த ஊர் சானடோரியத்துக்கு எடுத்து வரப்பட்டார். 24ஆம் தேதி இறந்தார். 34 வயது. ஒரு வாரம் அவர் அங்கே குடியிருந்தார் என்று சொல்வதானால், ஒரு கட்டிலில் குடியிருந்தார். மனிதனுக்கு ஓர் ஊரில் வேர்கொள்வது எவ்வளவு அவசியம் என்று ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டு வந்தவருக்கு, வேரே இல்லாத ஒரு ஊர் சாலை கொடுத்திருக்கிறது. இதில் பரிகாசம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வேறொன்றுதான் தோன்றுகிறது. அந்த ஏழு நாளும் படுக்கை விரித்து, பால் கொண்டு வைத்து, அவர் குடிக்க மறுத்ததும் எடுத்துப்போன தாதி ஒருத்தி இருந்திருப்பாள். அவள் ஒருவேளை ஆஷ்ஃபோர்டிலேயே பிறந்து அங்கேயே இறந்தவளாக இருக்கலாம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். கடற்கரையில், திருவல்லிக்கேணிப் பக்கம், ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. வியாபாரம் படுத்தபின் பிலிகிரி அய்யங்கார் என்ற வக்கீல் வாங்கி, காஸில் கெர்னன் என்று பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஒன்பது நாளைக்கும் இன்றைக்கும் நடுவே வேறொரு காலம் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி, தானும் பால்ய விதவை, நடத்திய இல்லத்துப் பெண்கள் பல வருஷங்கள் அங்கே இருந்து படித்தார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தாலி அறுத்து ஊர் ஊராக வந்து சேர்ந்த பெண்கள். கடலைப் பார்த்த அந்த வட்டக் கட்டடத்தில் பூகோளமும் இங்கிலீஷும் கற்று, ஆசிரியைகளாக வெளியே போனார்கள். ஒன்பது நாள் தங்கியவர் பெயரில் கட்டடம் இருப்பதில் தவறில்லை. அந்த ஒன்பது நாள் சாதாரண ஒன்பது நாள் அல்ல. சுப்புலட்சுமியின் பெயரும் எல்லாப் பட்டியல்களிலும் ஏறிவிட்டது, என்னுடையதிலும். பட்டியல் ஒருவரை ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது. அந்தப் பெண்கள் ‘அவருடைய விதவைகள்’ ஆகிவிட்டார்கள்.

மலர் அச்சாகி வந்தது. என் அம்மாவுக்கு அப்போது எண்பத்தைந்து வயது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, விளம்பரம் உட்பட முழுவதும் படிப்பாள். என் கட்டுரையில் லஸ்ஸில் இருந்த ஒரு வக்கீலைப் பற்றி, மேலே சொன்னவர்களில் ஒருவர் அல்ல, அந்த அளவு பிரபலமும் அல்ல, ஒரு பத்தி எழுதியிருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு அந்த வீட்டோடு சம்பந்தம் உண்டென்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருந்தேன். ‘தம் இல்லத்தில் நாள்தோறும் இருபது ஏழை மாணவர்களுக்கு அன்னமிட்ட வள்ளல்’ என்பது அதில் ஒரு வரி. அம்மா அங்கே விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏண்டா, அவரா போட்டார்? அத்தைன்னா போட்டா.”

கோபமாகச் சொல்லவில்லை. எழுத்துப் பிழையைக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள்.

அத்தை என்பது அம்மாவின் அப்பாவுக்குத் தமக்கை. பதினோரு வயதில் விதவையானவள். இருபது சொச்சத்தில் அந்த லஸ் வீட்டுக்குச் சமையலுக்கு வந்தாள். சுமார் முப்பது வருஷம் அங்கே இருந்தாள். சம்பளம் என்று ஒன்று பேசப்படவில்லை. வருஷத்துக்கு இரண்டு நார்மடிப் புடவை, ஊருக்குப் போகும்போது கையில் கொஞ்சம் பணம். விடியுமுன் எழுந்து கிணற்றில் குளித்து, ஈரத்தோடு கோட்டையடுப்பை மூட்டுவாள். வீட்டு மனிதர்கள், கட்சிக்காரர்கள், குமாஸ்தாக்கள், அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் போகிற பையன்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீடு என்று சாப்பிட்டுப் படித்த பையன்கள் அந்த நாளில் மயிலாப்பூரில் ஏராளம். அந்த வீட்டில் மட்டும் தினமும் உண்டு. திண்ணையில் அவர்கள் வைத்துவிட்டு வரும் புத்தகக் கட்டுகளைக் கதவிடுக்கு வழியாக எண்ணிப் பார்த்து உலையில் அரிசி போடுவாளாம். எல்லோரும் எழுந்தபின் தனக்கு ஒரு வேளை. ஏகாதசியில் அதுவும் இல்லை. நான் அவளைப் பார்த்தது கடைசிக் காலத்தில், மந்தைவெளியில் எங்கள் வாடகைப் போர்ஷனில், 1968இல் அவள் இறப்பதற்கு முன் சில மாதங்கள். முழங்கைக்குக் கீழே இரண்டு கையிலும் தோல் வேறு நிறமாக இருந்தது. கஞ்சி வடிக்கும்போது பட்ட சூடுகள், ஒன்றின் மேல் ஒன்று. சிறுவனான நான் அவை பிறவியிலேயே உள்ள தேமல் என்று நினைத்திருந்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல என்பதுதான் முக்கியம். அந்த வரியை எழுதும்போது எனக்கு இவ்வளவும் தெரியும். மறந்துபோய் எழுதவில்லை. கட்டுரையின் நடைக்கு ‘வள்ளல்’ என்ற சொல் பொருந்தி வந்தது, எழுதினேன். பட்டியல் எழுதும் கை அப்படித்தான் போகும்.

அன்றிலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம். ஊரின் பெரிய மனிதர்களால் ஊர்க்காரனுக்கு வருகிற பெருமை நியாயமான ஒன்றா? பாஷ்யம் அய்யங்கார் சட்டம் படித்ததில் எனக்கு என்ன பங்கு? பாரதியின் தேசியப் பாடல்களை 1907இல் கிருஷ்ணசாமி அய்யர் தன் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார் என்றால், பாரதியின் அரசியலுக்கு நேர் எதிர் அரசியலில் இருந்துகொண்டு அதைச் செய்தார் என்றால், அது அவருடைய மனசு. அதே வருஷம் இந்தியன் வங்கி தொடங்கியதும் அவர் போன்றவர்களின் முயற்சியில். லஸ் சர்ச் ரோட்டில் நடக்கும்போது என் முதுகு சற்று நிமிர்வதற்கு அதில் எங்கே காரணம் இருக்கிறது? பாரதி செத்தபோது சுடுகாட்டுக்கு இருபது பேர்கூட வரவில்லை என்பார்கள். அவர் இருந்த வாடகை வீடு 1993இல் நினைவில்லம் ஆயிற்று. அதே திருவல்லிக்கேணியில், நூற்றுக்கணக்கான ஏடுகள் உயிர் பிழைத்த உ.வே. சாமிநாதையரின் வீடு 2012இல் இடிபட்டது. எங்களவர் என்ற பெருமைக்கு ஒரு செலவும் கிடையாது, சுவரைப் பாதுகாக்கும் செலவுகூட.

இதற்கு ஒரு பதில் உண்டு. பெருமை நாம் சம்பாதித்தது அல்ல, வாரிசாக வருவது. பாட்டனார் நிலம் பேரனுக்கு வருவதில்லையா என்று கேட்கலாம். சரி, வாரிசு என்றே வைத்துக்கொள்வோம். வாரிசுரிமை பற்றி லஸ் வக்கீல்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பழைய ஹிந்து சட்டத்தில், தகப்பனின் கடனைத் தீர்ப்பது மகனுக்குத் தர்மக் கடமை. சொத்துக்குக் கை நீட்டுகிறவன் கடனுக்கும் தலை கொடுக்க வேண்டும். (2005ஆம் வருஷத் திருத்தம் அந்தக் கடமையை எடுத்துவிட்டது. சட்டத்தில்தான்.) ஆக, கிருஷ்ணசாமி அய்யரின் தாராளம் எனக்கு வாரிசாக வருமானால், இந்த மாடவீதித் திண்ணைகளில் வீடு கேட்டு வந்தவனிடம் ஊரையும் குலத்தையும் விசாரித்துவிட்டு ‘வீடு விட்டாச்சே’ என்று சொன்ன குரலும் எனக்கு வாரிசாக வரவேண்டும். பதினோரு வயதுப் பெண்ணின் தலையைச் சிரைத்து அடுக்களையில் உட்கார்த்திவைத்த ஆசாரமும் வரவேண்டும். ‘அதெல்லாம் அந்தக் காலம், எனக்கும் அதற்கும் என்ன’ என்று சொல்கிறவன் வள்ளல்களையும் அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறுகையை முதுகுக்குப் பின்னால் மறைப்பது கணக்கில் சேராது.

ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள் இந்தப் பிரச்னையைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புது நகர் உண்டாக்கினார்கள். பழைய குடிகளே இல்லாத தண்ணீர்ப் பரப்பு. எனவே பெருமையும் இல்லை, கடனும் இல்லை. தியாகராய செட்டியார் பெயர் நகருக்கு. பனகல் ராஜா, நடேச முதலியார் பெயர்கள் பூங்காக்களுக்கு. டாக்டர் நாயர், உஸ்மான், ஜி.என். செட்டி என்று சாலைகளுக்கு. மனிதர்கள் குடிவருவதற்கு முன்பே பிரமுகர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுபதுகளின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து ஜாதியை நீக்கும் உத்தரவு வந்தபோது, டாக்டர் நாயரில் நாயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டாக்டர் மட்டும்தான் என்று தியாகராய நகர்க்காரர்கள் சிரித்தார்கள். நோக்கத்தில் பழுது சொல்லமாட்டேன். ஆனால் பிரமுகரின் பெயர் என்பது எவ்வளவு மெல்லியது என்று அதில் தெரிந்தது. பாண்டி பஜாரைப் பாண்டிச்சேரியோடு சேர்த்து நினைக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்; அது சௌந்தரபாண்டியன் அங்காடி. அந்த நகரில் பின்னால் வந்து இருந்தவர்களில் மிகப் பெரியவர் என்று நான் நினைக்கிற காமராஜர், திருமலைப் பிள்ளை ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்து, 1975 அக்டோபர் 2ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

சிமோன் வெய்ல் அந்தக் கடைசிப் புத்தகத்தில் தேசாபிமானத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு விதமான பற்றுகளைப் பிரிக்கிறார். ஒன்று தேசத்தின் மகோன்னதத்தைக் கண்டு பூரிப்பது. மற்றது, அருமையான ஒன்று, உடையக்கூடியது, அழியக்கூடியது என்று தெரிந்து அதன்பால் இரங்குவது. முதலாவதில் பொய் கலக்காமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. பூரிக்க வேண்டுமானால் சிலவற்றைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இரக்கத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை, குற்றத்தையும் பார்த்துக்கொண்டே இரங்கலாம். தேசத்தைப் பற்றி அவர் சொன்னது நாலு மாடவீதிக்கும் பொருந்துகிறது. என் முதுகு நிமிர்வதற்கு நான் அத்தையின் கைகளைப் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது.

சரி, பட்டியலில் அத்தையின் பெயரையும் சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது. அறியப்படாதவர்களைப் பற்றிய புத்தகங்கள், மறக்கப்பட்டவர்களுக்கு விழாக்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு. பெயரில்லாதவர்களின் பட்டியலும் பட்டியல்தான். அதிலும் ஒருத்தி ஏறியதும் கதவு சாத்தப்படும். தவிர, ‘பேசாமல் ஊழியம் செய்த உத்தமி’ என்று நான் அவளைப் பற்றி எழுதினேனானால், அது அந்த ‘வள்ளலை’விட மோசமான சொல்லாக இருக்கும்.

இங்கேதான் வாயிலாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மயிலாப்பூரின் பெரியோர்களில் மிக விசித்திரமானவர் அவர். செய்ததாக ஒன்றுமே இல்லை. சேக்கிழாரே அவரைப் பற்றிச் சில பாடல்கள்தான் பாடியிருக்கிறார். அவற்றிலும் கணிசமான பகுதி ஊரைப் பற்றியது: கடல், கப்பலில் வந்து இறங்கும் யானைக் கன்றுகள். ஊர் முடிந்து ஆளுக்கு வந்தால், அவர் பேசாதவர். மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார் என்று ஆகிறது. அந்தக் கோயிலுக்குச் சேக்கிழார் சொல்கிற கட்டுமானப் பொருள்தான் ஆச்சரியம். கல்லும் இல்லை, பக்தி என்று பொதுப்படையாகவும் இல்லை. மறவாமை. மறவாதிருத்தல் என்ற ஒன்றாலேயே சுவர் எழுப்பி, உணர்வை விளக்காக ஏற்றி, அன்பை அமுதாக வைத்து வழிபட்டார்.

கபாலி கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. பங்குனியில் எட்டாம் நாள் அறுபத்துமூவரோடு அவரும் பல்லக்கில் வருவார், தன் சொந்த ஊர்த் தெருவிலேயே கூட்டத்தோடு கூட்டமாக. மௌனமாக இருந்தவரை நாலு வீதி சுற்றிக் காட்டுவதில் ஒரு முரண் இருக்கிறது என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது வேறு ஒரு முரண் பெரிதாகத் தெரிகிறது. வாயிலாரின் மௌனம் அவராக எடுத்துக்கொண்டது. அவர் வாயைத் திறந்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அத்தையின் மௌனம் பதினோரு வயதில் மற்றவர்கள் அவளுக்குக் கொடுத்தது. இரண்டையும் ஒரே பல்லக்கில் ஏற்றுவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் சௌகரியம். தியாகம் என்று சொல்லிவிட்டால் யார் அவளை அங்கே வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. என் தாத்தா, அவளுடைய தம்பி, நினைத்திருந்தால் அவளை ஐஸ் ஹவுஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்திருக்க முடியும். லஸ்ஸிலிருந்து அது நடக்கிற தூரம். அந்தப் பேச்சு ஒரு தடவை வந்ததாம். ‘நம் வீட்டுப் பெண் இங்கிலீஷ் படித்து யாருக்கு என்ன ஆகவேண்டும்’ என்று அவர் சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தத் தாத்தாவைப் பற்றி நான் பெருமையாகவே பேசி வந்திருக்கிறேன்.

நாயன்மார்களின் வரிசை முதலில் எங்கிருந்து வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். தமிழில் நமக்குத் தெரிந்த பெரியோர் பட்டியல்களில் மிகப் பழையவற்றில் ஒன்று சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. சேக்கிழார் சொல்கிற கதைப்படி அது ஒரு புகாரிலிருந்து பிறந்தது. திருவாரூரில் தேவாசிரியன் மண்டபத்தில் அடியார்கள் உட்கார்ந்திருக்க, சுந்தரர் அவர்களை வணங்காமல் நேரே சந்நிதிக்குப் போனார். விறன்மிண்டர் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, இவன் நமக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் சுந்தரர் பெயர் பெயராகச் சொல்லிப் பாடினார். உட்கார்ந்திருந்தவர்களைக் கவனிக்காமல் கடந்து போனதற்கான வெட்கம் அந்தப் பட்டியலின் தாய்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரோடும் அவர் தன்னைச் சேர்த்துக்கொள்கிற விதத்தைக் கவனித்தால் என் மலர்க் கட்டுரை எங்கே கோணியது என்று தெரிகிறது. ‘இவர் எங்களவர்’ என்று அவர் ஒருவரையும் சொல்லவில்லை. இவருக்கு அடியேன், இவருக்கு அடியேன் என்றே போகிறது. உடைமை திசை மாறிவிடுகிறது. நான் பெயர்களைச் சொல்லி அவற்றுக்கு உரிமையாளன் ஆகிறேன். அவர் பெயர்களைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் கடனாளி ஆகிறார். பெயர் தெரிந்தவர்களோடு நிறுத்தவும் இல்லை. கூட்டமாக, பெயர் சொல்லாமல், ஒன்பது தொகையினரைச் சேர்க்கிறார். அவர்களில் ஒரு கூட்டம் இந்த இடத்துக்கும் இந்தக் காலத்துக்கும் அப்பால் இருக்கிறவர்கள். அதாவது, யார் என்று தனக்கே தெரியாதவர்களுக்கும் அவர் கடன்பட்டுவைக்கிறார். நவீன மனசுக்கு அடிமை என்ற சொல் உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. ஆனால் கடன் என்று நான் மேலே சொன்னதற்கும் அதற்கும் உள்ள நெருக்கத்தை மறுக்க முடியவில்லை. சுந்தரரை முன்மாதிரியாகக் கொண்டு குடியிருப்போர் சங்க மலர் எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் அந்த மலரை மறுபடி அச்சிடுகிறார்கள். திருத்தம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். ‘அவர் இல்லத்தில் அன்னமிடப்பட்டது’ என்று முதலில் மாற்றினேன். வள்ளல் போய்விட்டார், ஆனால் சமைத்தவளும் போய்விட்டாள்; செயப்பாட்டு வினையில் யாரும் கையைச் சுட்டுக்கொள்வதில்லை. ‘அவர் செலவில்’ என்று எழுதினால் அவருக்கு உரியது அவருக்குப் போகிறது. அரிசி அவருடையதுதான், அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. பின்பாதிக்கு அத்தையின் பெயர் வேண்டும். அப்போதுதான் அவள் பெயர் எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவள் லஸ் அத்தை. லஸ் வீட்டில் அவள் பாட்டி. முப்பது வயதிலேயே பாட்டி.

அம்மாவைக் கேட்டேன். இப்போது தொண்ணூறைத் தாண்டியாயிற்று. ஞாபகம் வரவில்லை, “இரு, வரும்” என்றாள். இரண்டு நாள் கழித்து, விளக்கேற்றும் நேரத்தில் தானாகவே பெயரைச் சொன்னாள். கொள்ளுப்பாட்டியின் பெயராம், முதல் பெண் என்று வைத்தார்களாம்.

“போடப் போறியா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“அதெல்லாம் வேண்டாம்டா. அவளுக்குப் பிடிக்காது.”

பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் அம்மாவும் பேசவில்லை. ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“போடறதுன்னா சரியாப் போடு. இருபது பேர் இல்லை. லீவுக்கு அங்கே போனா நான்னா எலை போடுவேன். இருபத்திமூணு.”

‘20’ என்று இருந்ததை அடித்து ‘23’ என்று எழுதினேன்.